கோஸ்லார்: கூரைகளுக்குப் பின்னால் ஒரு மலை

ஜெர்மனியின் கோஸ்லார் என்ற ஊருக்கு கேமராவோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் சந்தைச் சதுக்கத்தைத் தாண்டுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தங்க முலாம் பூசிய கழுகு நிற்கும் நீரூற்று, மரச்சட்டங்களுக்கு நடுவே சுவர் எழுப்பிய பழைய வீடுகள், அவற்றின் மேல் கருநீல ஸ்லேட் ஓடுகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படம் இருக்கிறது. சீமென்ஸ் குடும்பத்தின் முன்னோர் 1693இல் கட்டிய வீடும் ஊரில் அப்படியே நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பிய ஊர் இது; இப்படி ஒரு தெரு முழுவதும் பழமை குலையாமல் கிடைப்பது ஜெர்மனியில் அபூர்வம்.

பயண இதழ் ஒன்றுக்காக அந்த ஊரைப் படமெடுக்கப் போனேன். கேட்டிருந்தது வீடுகளும் வீதிகளும்தான். ஆனால் ஊரின் தெற்கே எழும் ராமல்ஸ்பெர்க் மலையை விட்டுவிட்டு இந்த வீடுகளை மட்டும் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மலைக்குள் வெள்ளி, செம்பு, ஈயம், துத்தநாகம் எல்லாம் இருந்தன. 968ஆம் ஆண்டைச் சேர்ந்த குறிப்பிலேயே அங்கே சுரங்கம் நடந்ததற்குச் சான்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பேரரசர்கள் இங்கே பெரிய அரண்மனை கட்டிக்கொண்டது அந்த வெள்ளிக்காகத்தான். அவர்களில் ஒருவரான மூன்றாம் ஹென்றியின் இதயத்தை இன்றும் அந்த அரண்மனைத் தேவாலயத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தோண்டித் தோண்டி, தாது தீர்ந்துபோய், 1988 ஜூன் 30ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கட்டடங்களை இடித்துவிடாமல் காப்பாற்றியதில் ஊர்மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1992இல் யுனெஸ்கோ சுரங்கத்தையும் பழைய நகரத்தையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தச் ‘சேர்த்தே’தான் எனக்கு முக்கியம்.

மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தாதுச் சுத்திகரிப்பு ஆலை 1930களில் எழுந்தது. ஃப்ரிட்ஸ் ஷுப், மார்ட்டின் க்ரெம்மர் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. எஸ்ஸென் நகரின் புகழ்பெற்ற ட்ஸோல்ஃபெராய்ன் நிலக்கரிச் சுரங்கத்தின் 12ஆம் குழிக் கட்டடங்களும் அவர்கள் கைவண்ணமே. தாதுவை மேலே கொண்டுபோய்க் கொட்டினால் நொறுக்குவது, அரைப்பது, பிரிப்பது என்று ஒவ்வொரு கட்டமாகத் தன் எடையிலேயே கீழே இறங்கி வரும். சரிவின் வடிவமே ஆலையின் வடிவம். இப்படிப்பட்ட கட்டடத்துக்கு வெயில் ஆகாது. பெர்ன்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் பல ஆண்டுகள் தொழிற்சாலைகளைப் படமெடுத்தபோது மேகமூட்டமான நாட்களுக்காகக் காத்திருந்தது ஏன் என்று அங்கே நின்றபோது நன்றாகப் புரிந்தது. நிழல் விழாதபோதுதான் கட்டடம் தன் வேலையைச் சொல்கிறது. நானும் மேகத்துக்குக் காத்திருந்தேன்.

உள்ளே தொழிலாளர்கள் உடைமாற்றிக் குளித்த கூடம் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் ஈரத் துணியைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்து உத்தரம் வரை ஏற்றி, கீழே பூட்டுப் போட்டுவிடுவார். மேலே தங்கும் சூடான காற்றில் துணி உலர்ந்துவிடும். மறுநாள் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். நான் முதலில் ஏணி கேட்டேன், கொக்கிகளின் மட்டத்திலிருந்து எடுப்பதற்காக. அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது வழிகாட்டியாக இருக்கும் பெரியவர் சற்று யோசித்துவிட்டு, “கீழேயிருந்தே எடுங்கள். நாங்கள் யாரும் இதை மேலேயிருந்து பார்த்ததில்லை” என்றார். ட்ரைபாடைத் தாழ்த்தி, வைட் லென்ஸ் மாட்டி, அண்ணாந்து எடுத்தேன். சங்கிலிகள் மழைத்தாரை மாதிரி மேலிருந்து இறங்குகின்றன. அந்தத் தொகுப்பிலேயே எனக்கு நிறைவு தந்த படம் அதுதான்; கோணம் அவர் கொடுத்தது.

1800ஐ ஒட்டி ரோடர் என்ற சுரங்க அதிகாரி அமைத்த குடைவு வேறு மாதிரியான சவால். மலைக்குள்ளேயே பிரம்மாண்டமான மரச் சக்கரங்கள். மேலேயிருந்து வரும் நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அடுத்ததற்கு இறங்கும். தாது ஏற்றும் சக்கரத்தில் எதிரெதிர்த் திசையில் இரண்டு வரிசைத் தொட்டிகள். எந்த வரிசையில் நீர் விடுகிறார்களோ அதற்கேற்பச் சக்கரம் முன்னோ பின்னோ சுற்றும். கயிற்றை ஏற்றவும் இறக்கவும் அதுவே போதும். வெளிக்குளிரிலிருந்து ஈரமான குடைவுக்குள் நுழைந்ததும் லென்ஸ் மூடுபனி போட்டுக்கொண்டது. துடைக்காமல் பொறுத்திருந்தால் தானே தெளியும்.

சக்கரங்களைவிட என் நேரத்தை எடுத்துக்கொண்டது சுவர். பாறையில் எஞ்சிய தாதுவின் மேல் நீர் கசிந்து படிந்த உப்புகள்: மயில்துத்தத்தின் நீலம், அன்னபேதியின் பச்சை, துத்தநாகத்தின் வெள்ளை, நடுவே துருவின் சிவப்பு. முன்பு இவற்றைக் காய்ச்சி எடுத்து, சாயத்துக்கும் தோல் பதனிடவும் விற்றிருக்கிறார்கள். விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் பச்சையாகத் தெரிந்துவிடும். நிறத்துக்கு அளவுகோலாக இருக்கும் சாம்பல் நிற அட்டையை, அதாவது கிரே கார்டை, ஓரத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து, பிறகு லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் அதை வைத்து நிறத்தைச் சரி செய்தேன். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொடவில்லை. இருக்கிற நிறமே நம்ப முடியாத அளவுக்கு இருக்கும்போது கூட்டினால் பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

எடுப்பதற்கு மனம் கனத்த படங்களும் உண்டு. நாஜிக் காலத்தில், உலோகத்துக்கு வெளிநாட்டை நம்பக் கூடாது என்ற கொள்கையால்தான் அந்த ஆலை அவ்வளவு வேகமாக எழுந்தது. போர்க்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கே உழைத்தார்கள். அருங்காட்சியகம் இதை மறைக்கவில்லை. கட்டடத்தின் அழகை மட்டும் காட்டும் படக்குறிப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை.

சுற்றியுள்ள மலைகளில் சாம்பல் நிறத்தில் செத்து நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்களையும் எடுத்தேன். சுரங்கத்துக்கு மரம் வேண்டி ஒரே இனமாக நட்டு வளர்த்த காடுகளின் வாரிசுகள் அவை. 2018இன் வறட்சியும் அதன்பின் பெருகிய பட்டைவண்டும் அவற்றை வரிசையாகச் சாய்த்துவிட்டன. பாறையைப் பிளக்க விறகை அடுக்கித் தீ மூட்டிய காலத்திலிருந்தே இந்தச் சுரங்கம் காட்டைத் தின்றுதான் வளர்ந்தது.

இதழின் ஆசிரியர் முதலில் தயங்கினார். “வாசகர்கள் விடுமுறைக்குப் போக இடம் தேடுகிறார்கள்” என்றார். நியாயமான கவலைதான். போகிறவர்கள் சுரங்கத்துக்குள்ளும் போகலாமே என்றேன். வெகுநேரம் பேசினோம். அட்டைக்கு நீரூற்றுக் கழுகு போனது. மரங்களின் படம் இடம் பெறவில்லை. உள்ளே பேரரசரின் மண்டபமும் தொழிலாளர்களின் உடைமாற்றும் கூடமும் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே அளவில் வந்தன. ஆலையின் படத்துக்குக் கீழே கட்டாய உழைப்பாளர்களைப் பற்றிய இரண்டு வரிகளை நான் எழுதியபடியே அச்சிட்டார்கள்.