கையெழுத்து வாங்கியாச்சு, அப்புறம்?

பொங்கல் முடிந்தால் வேலூர் டேகேர்களில் ‘அவுட்டிங்’ பேச்சு ஆரம்பித்துவிடும். வெயில் இன்னும் தன் வேலையைக் காட்டாத ஆறேழு வாரம். கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில், அமிர்தி காடு, துணிச்சல் கூடினால் ஏலகிரி மலை. பிள்ளையின் பையில் ஒரு துண்டுச் சீட்டு வரும்: “தங்கள் குழந்தையைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். அசம்பாவிதம் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.” கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஒரு கையில் இட்லி ஊட்டிக்கொண்டே இன்னொரு கையால் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

அந்த ‘பொறுப்பல்ல’ வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டேகேர் நடத்துபவரானால் அச்சடிக்கும்போதே எடுத்துவிடுங்கள். பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை, காகிதத்தில் ஒரு வரி எழுதியதால் கரைந்துபோகாது. அனுமதிச் சீட்டு நிர்வாகத்துக்குக் கவசம் இல்லை. டேகேர் சொல்ல வேண்டியதைச் சொல்லவும், வீட்டுக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கவும், ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் விடவும்தான் அது இருக்கிறது.

டேகேர் சொல்ல வேண்டியவை: போகும் இடம், தேதி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், வண்டி யாருடையது, அதன் எண், உடன் வரும் பெரியவர்களின் பெயர், மொத்தம் எத்தனை பிள்ளைகள், என்ன சாப்பாடு, கழிப்பறை எங்கே, அன்றைக்கு எந்த செல்போன் எண்ணில் ஆள் கிடைப்பார்கள். ‘கோட்டைக்கு’ என்று மட்டும் எழுதினால் போதாது. புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவதா, மதில்மேல் ஏறுவதா? இரண்டும் வேறு வேறு அனுமதி.

வீடு சொல்ல வேண்டியவை: ஒவ்வாமை, வீசிங், காய்ச்சல் வந்தால் வலிப்பு வருமா, வண்டியில் வாந்தி எடுக்குமா, கூட்டத்தில் கையை உதறிக்கொண்டு ஓடும் சுபாவமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அன்றைக்கு அதிகம் உதவுவது அதுதான். மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் பெயர், அளவு, நேரம் மூன்றையும் பெற்றோர் எழுதித் தர வேண்டும். இன்ஹேலரும், வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மருந்தும் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் இடுப்புப் பையில் இருக்கட்டும். வண்டியில் விட்டுவிட்டுப் போனால் அது இல்லாததற்குச் சமம். அவசரத்துக்கு இரண்டு போன் எண் வாங்குங்கள். அம்மா அப்பா இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனியில் ஷிப்டில் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் எடுக்காது. மூன்றாவதாகத் தாத்தா எண்ணோ பக்கத்து வீட்டு எண்ணோ வேண்டும்.

வாட்ஸப் குழுவில் கட்டைவிரல் போடுவது அனுமதி ஆகாது. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று பிறகு யாருக்கும் தெரியாது. பிள்ளையை அழைத்துப்போக ஆயா (பாட்டி) வந்தபோது அவரிடம் ரேகை வாங்குவதும் அப்படித்தான். சட்டப்படி பாதுகாவலர் அவர்தானா என்று பாருங்கள். போட்டோ எடுக்கவும் பகிரவும் தனிக் கட்டம், தனிக் கையெழுத்து. தெருமுனை வரை நடந்து போய் வர வருடத்துக்கு ஒரு பொது அனுமதி போதும். வண்டி ஏறினால், தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போனால், ஒவ்வொரு முறையும் தனிச் சீட்டு.

அனுப்ப விருப்பமில்லாத வீட்டுக்கு வழி இருக்கிறதா என்பதே அனுமதி உண்மையானதா என்பதற்குச் சோதனை. “எல்லாரும் வர்றாங்க, உங்க பிள்ளை மட்டும் அழுமே” என்று சொல்லி வாங்கினால் அது அனுமதி இல்லை. அன்றைக்கு டேகேர் திறந்திருக்க வேண்டும். தங்கும் பிள்ளைகளுக்காக இரண்டு பேராவது அங்கே இருக்க வேண்டும். எல்லா ஊழியரும் வண்டியில் ஏறிவிட்டால் பெற்றோர் லீவு போட வேண்டிவரும், அதற்காகவே பலர் கையெழுத்துப் போடுவார்கள்.

இனி ஆள் கணக்கு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி, 3 வயதுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒரு ஊழியர், 3 வயதுக்கு மேலே 20 பிள்ளைக்கு ஒருவர், கூட உதவியாளர் என்கிறது. அது நான்கு சுவருக்குள், கதவு சாத்தியிருக்கும்போது. இங்கிலாந்தில் உள்ளேயே 2 வயதுக்குக் கீழே மூன்று பேருக்கு ஒருவர், 2 வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒருவர். வெளியே கூட்டிப்போகும்போது எங்கள் கணக்கு எளிது: மனிதனுக்கு இரண்டு கை. 3 வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர். 3 முதல் 5 வரை நான்கு பிள்ளைக்கு ஒருவர். இதற்கு மேல் ஒருவர் கையில் பிள்ளையே இல்லாமல் சும்மா வர வேண்டும். ஒரு பிள்ளை விழுந்து காயமானால், பாத்ரூம் போனால், அவர் போவார். மற்றவர்கள் இடம் மாற வேண்டாம். ஆக 3 வயதைத் தாண்டிய 16 பிள்ளைக்கு ஐந்து பேர். டிரைவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உடன் வரும் அம்மாக்களை அரை ஆளாக எண்ணுங்கள். கண் தன் பிள்ளை மேல்தான் போகும், அதில் தப்பும் இல்லை.

எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று முதல் நாளே பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். “எல்லாரும்தான் பார்த்துக்கிட்டு இருந்தோம்” என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இடத்துக்கு வருவோம். போவதற்கு முந்தின வாரம், அதே கிழமை, அதே நேரம் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கோட்டையில் முதல் ஆபத்து வாசலுக்கு வெளியே: பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நெரிசல். பிள்ளைகளைச் சாலையைக் கடக்க வைக்காமல், வண்டியைக் கோட்டைப் பக்கமே நிறுத்த முடியுமா என்று பாருங்கள். அடுத்தது அகழி. 16-ஆம் நூற்றாண்டில் எதிரியைத் தடுக்க வெட்டியது, மூன்று வயதுப் பிள்ளையைத் தடுக்க எதுவும் செய்யாது. கரையோரமும் மதில்மேலும் எல்லா இடத்திலும் தடுப்பு இருக்கும் என்று நம்ப வேண்டாம். கரை ஓரம் நடக்கும்போது பெரியவர்கள் தண்ணீர்ப் பக்கம், பிள்ளைகள் உள்பக்கம். மதில் ஏறுவதை 6 வயதுக்குத் தள்ளிப்போடலாம். பிரதோஷ நாளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கூட்டம் இருக்கும், அன்று வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஸ்ரீபுரத்தில் நட்சத்திர வடிவப் பாதை ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். பாதியில் உட்கார்ந்து “தூக்கு” என்று அழும் மூன்று வயதுப் பிள்ளைகள் எட்டு பேர் என்றால் யார் தூக்குவது? அதோடு செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெற்றோர் கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டும், ஆகவே போனோடு ஒருவர் வெளியே இருக்க வேண்டும். ஏலகிரி (இப்போது திருப்பத்தூர் மாவட்டம்) 14 கொண்டை ஊசி வளைவு. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் மூன்று பிள்ளை எடுக்கும். அமிர்தி அழகான இடம், ஆனால் ஊரை விட்டுத் தள்ளிக் காட்டுக்குள். அங்கே போன் எடுக்கிறதா, அருவிப் பக்கம் எப்படித் தடுப்பது என்று பார்க்காமல் போகக் கூடாது. பாலாற்று மணல் விளையாடத் தோதாகத் தெரியும். மணல் அள்ளிய குழியில் மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது.

சொல்லப்போனால் மூன்று வயதுக்குக் கீழே இதெல்லாம் தேவையே இல்லை. தெருமுனைக் கீரைக்காரம்மா, மாட்டுத் தொழுவம், தபால் பெட்டி: அரை மணி நேரம், நடந்தே போய் வரலாம். படத்துக்கு அழகாக இருக்காது என்பது மட்டும்தான் குறை.

வண்டியில் ஒரு பிள்ளைக்கு ஒரு இருக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆம்னி வேனில் பதினைந்து பிள்ளையை அடைப்பதும், ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடி வைப்பதும் நம் ஊர் வழக்கமாக இருக்கலாம். அனுமதிச் சீட்டில் வண்டி எண்ணை எழுத வைப்பதே இதற்காகத்தான். இறங்கியதும் ஒருவர் கடைசி சீட் வரை நடந்து, குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். தூங்கிய பிள்ளை உள்ளே இருந்துவிட்டால், வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் சூடு 10 டிகிரி வரை ஏறும்.

எண்ணிக்கை: கிளம்பும் முன், ஏறியதும், இறங்கியதும், ஒவ்வொரு வாசலிலும், பாத்ரூம் போய் வந்த பிறகு, நடுவில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை. தலையை மட்டும் எண்ணாதீர்கள், பெயர்ப் பட்டியலோடு முகத்தைப் பாருங்கள். கோட்டையில் இன்னொரு பள்ளிப் பிள்ளைகள் கலந்துவிட்டால் 16 சரியாக வரும், ஆள் மாறியிருக்கும். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பளிச்சென்று தொப்பி போடலாம். பெயரைச் சட்டையில் பெரிதாக எழுதாதீர்கள். தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை போய்விடும். கைப்பட்டையில் டேகேரின் போன் எண் மட்டும் போதும். கூட வருபவர்களின் போன் பையில் இருக்கட்டும், படம் எடுப்பது ஒருவர் வேலை. பாத்ரூமுக்கு ஒரு ஊழியர் கூட்டிப்போனால் இன்னொருவர் பார்வையில் இருக்க வேண்டும். டிரைவரோடு தனியாக எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

சாப்பாடு 4 வயதுக்குக் கீழே என்றால் வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடினமான மிட்டாய் வேண்டாம். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள். தொண்டையில் சிக்கி இருமவும் அழவும் முடியாமல் போனால், முன்னால் சாய்த்து முதுகில் ஐந்து தட்டு. வராவிட்டால் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வயிற்றில் ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். கூட வருபவர்களில் இருவராவது இதைக் கையால் செய்து பழகியிருக்க வேண்டும். நாய், குரங்கு கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தடுப்பூசிக்கு நேராக மருத்துவமனை. காலை ஒன்பதரைக்குக் கிளம்பிப் பதினொன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். மார்ச் பாதிக்கு மேல் வெளியே கூட்டிப்போகவே வேண்டாம்.

பிள்ளை காணோம் என்றால் எல்லாரும் சிதறி ஓடுவதுதான் பெரிய தப்பு. அடுத்த பிள்ளையும் தொலையும். மற்ற பிள்ளைகளை உட்கார வைத்துச் சிலர் அங்கேயே இருக்க, ஒருவர் தண்ணீர்ப் பக்கம், ஒருவர் வாசல் பக்கம். முதலில் தண்ணீர், பிறகு மற்ற இடம். அதே நிமிடம் அவசர எண் 112-ஐக் கூப்பிட வேண்டும். பெற்றோருக்கும் உடனே சொல்ல வேண்டும். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று. கோட்டை வாசலில் ஒரு அப்பா வண்டியை நிறுத்தி, “நான் இப்படியே கூட்டிட்டுப் போயிடறேன் மிஸ்” என்பார். தெரிந்த முகம்தான். கொடுத்துவிடத் தோன்றும். கொடுத்தால் அடுத்த எண்ணிக்கையில் ஒன்று குறையும், யார் கொடுத்தது என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். சில வீடுகளில் யார் கூட்டிப்போகலாம் என்பதே வழக்கில் இருக்கும். “டேகேர்ல வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க சார்” என்பதைச் சீட்டிலேயே எழுதி வைத்துவிட்டால், அந்த நேரத்தில் மிஸ்ஸுக்கும் அப்பாவுக்கும் மனஸ்தாபம் வராது.