கடைசி ஃபாரம்

புத்தக அச்சில், பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். 272 பக்கப் புத்தகம் என்றால் 17 ஃபாரம். பதினாறு ஃபாரமும் அச்சாகி மடித்துத் தயாராக இருந்தாலும், பதினேழாவது வராமல் பைண்டிங்கில் புத்தகத்தைச் சேர்த்துத் தைக்க முடியாது. 2018 டிசம்பரில் அந்தப் பதினேழாவது ஃபாரம் என் கணினியில் ஒன்பது நாள் கிடந்தது.

திருவல்லிக்கேணியில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். பொங்கலையொட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சிதான் எங்களுக்கு அறுவடைக்காலம். அது ஓர் ஊர் வரலாற்று நூல். கடைசியில் சொல்லடைவு சேர்க்க வேண்டும்: ஊர்ப் பெயர், ஆட்பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்க எண். கோப்பைத் திறப்பேன், நாலு பெயர் பார்ப்பேன், மூடிவிடுவேன். வேறு புத்தகத்தின் தலைப்பு எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பேன். பதிப்பாளர் கேட்டால், "நாளைக்கு அனுப்பிடறேன் சார்." சொல்லும்போது அதை உண்மை என்றே நம்பினேன்.

பைண்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வருபவர். மூன்றாம் முறை அழைத்தபோது, "தம்பி, வராதுன்னா வராதுன்னு சொல்லிடுங்க. நாலு பொண்ணுங்கள வரச் சொல்லி உட்கார வச்சிருக்கேன்" என்றார். அவர்களுக்கு எண்ணிக்கைக் கூலி. ஃபாரம் இல்லாத நாளில் காசும் இல்லை. அப்புறம் நான் அனுப்பியதும், காட்சிக்குள் முடித்தாக வேண்டுமென்று இரண்டு இரவு உட்கார்ந்து தைத்தார்கள். தள்ளிப்போடுவதால் கெடுவது என் தூக்கம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். எனக்கு அது பொருந்தியதே இல்லை. அந்த ஒன்பது நாளும் காலையிலிருந்து இரவுவரை வேலை செய்துகொண்டுதான் இருந்தேன். ஃபூஷியா சிரோய், டிமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் படித்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது. ஒரு வேலை கிளப்பும் கசப்பிலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பித்து, மனதைச் சரிசெய்துகொள்ளத்தான் தள்ளிப்போடுகிறோம் என்கிறார்கள். எனக்கு இருந்தது பயம். ஒரு பக்க எண் தவறினாலும் ஆயிரம் பிரதியில் அச்சாகிவிடும். டைரியில் எத்தனை அட்டவணை போட்டும் அந்தப் பயம் அசையவில்லை.

இப்போது பிழை திருத்த எடுக்கும் முதல் புரூஃபிலேயே சொல்லடைவைத் தொடங்கிவிடுகிறேன். பக்க எண் மாறும், சொற்கள் மாறாது. ஒரு நாளைக்குப் பத்துச் சொல். அரைகுறையாக இருந்தாலும் மாலையில் மெய்ப்புத் திருத்துபவருக்கு அனுப்பிவிடுவேன். இன்னொரு கண் பார்க்கிறது என்றதும் பயம் பாதியாகிறது.

இதைவிடக் கடினமானது, காத்திருப்பவர்கள் கூப்பிடுமுன் நானே கூப்பிடுவது. முதல் தடவை அக்காவின் எண்ணை அழுத்திவிட்டு இரண்டு முறை துண்டித்தேன். பிறகு சொன்னேன்: "அக்கா, நாளைக்கு வராது. வியாழக்கிழமை காலையிலதான்." "சரி தம்பி, அப்ப வேற புத்தகத்த எடுத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்குப் பயந்துதான் இத்தனை வருடம் அவர்களைக் காக்க வைத்திருந்தேன் என்பது இன்றும் வலிக்கிறது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அட்டை வடிவமைக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பக்க எண்ணிக்கையும் தாளின் தடிமனும் தெரிந்தால்தான் அவரால் புத்தக முதுகின் அகலத்தைக் கணக்கிட முடியும். அதைச் சொல்லாமல் இழுத்து, கடைசி நேரத்தில் எத்தனையோ அட்டைகளை மறுபடி செய்யவைத்தேன். ஒரு கட்டத்தில் என்னோடு வேலை செய்வதை நிறுத்திவிட்டார். போன மாதம் பேசினேன். நன்றாகத்தான் பேசினார். ஒரு புத்தகம் சேர்ந்து செய்யலாமா என்று கேட்டேன்.

"பக்க எண்ணிக்கைய முதல்ல அனுப்புங்க, பார்க்கலாம்."

அன்று மாலையே அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.