மார்க் ஷீட்டில் ஏறாத புத்தி

ஒரு பிள்ளைக்கு எதில் புத்தி ஓடுகிறது என்று பார்க்க ஆன்லைன் கேள்வித்தாள் வேண்டாம். "உனக்குப் பாட்டு பிடிக்குமா?" என்று கேட்டால் தெரிவது ஆசை மட்டும்தான். திறமை வேறு சங்கதி.

கையில் வேலையைக் கொடுங்கள். பழைய டார்ச் லைட், பேட்டரியை எடுத்துவிட்டு. பிரித்துத் திரும்பப் பூட்டச் சொல்லிவிட்டு 20 நிமிடம் வாயைத் திறக்காதீர்கள் (கஷ்டம்தான்). முடிந்ததா என்பது இரண்டாம்பட்சம். கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்குகிறதா? கடைசியில் ஒரு ஸ்பிரிங் மிஞ்சினால், அழுத்தி மூடப் பார்க்கிறதா, இல்லை ஒவ்வொரு படியாகப் பின்னால் போய் எங்கே விட்டது என்று தேடுகிறதா? அந்தத் தேடலைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வேறொரு பொருளைக் கொடுங்கள். ஒரே தடவையில் முடிவு கட்டினால் அன்றைய தூக்கத்தையும் பசியையும் அளந்த கதையாகிவிடும்.

ஆட்களைப் படிக்கிற புத்தி இன்னும் எளிதாகக் கண்ணுக்குத் தப்பும். சண்டையில் நின்ற ஆட்டத்தை, விதியைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓடவைக்கிற பிள்ளைக்கு நாம் வைக்கும் பெயர் 'வாயாடி'.

1983-ல் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் ஏழு வகை அறிவுத்திறன்களைச் சொன்னார். பிறகு இயற்கையை இனம்பிரிக்கும் திறனையும் சேர்த்தார். இவை தனித்தனியானவை அல்ல என்று மறுக்கும் உளவியலாளர்கள் நிறைய. அதில் நியாயமும் உண்டு. ஆனால் 'இவன் கண்ணால் கற்பவன், இவள் காதால் கற்பவள்' என்ற முத்திரை கார்ட்னர் சொன்னதே இல்லை.