ஹார்ட் டிஸ்க் கம்பனிப் பங்கு வாங்க முதல்

மட்டக்களப்பு திருமலை வீதிக் கடையொன்றில் ஹார்ட் டிஸ்க் வாங்கினால் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்க. மாதிரி இலக்கம் ‘எஸ்டி’ (ST) என்று தொடங்கினால் சீகேட், ‘டபிள்யூடி’ (WD) என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டல். மிச்சம் பெரும்பாலும் தோஷிபா. உலகத்தில் பெரிய ஆக்கள் இந்த மூவர்தான். 2011இல் சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை சீகேட்டும், 2012இல் ஹிட்டாச்சியினுடையதை வெஸ்டர்ன் டிஜிட்டலும் விழுங்கிவிட்டன.

போட்டியாளர் குறைந்தால் விலைவெட்டும் குறையும். பங்கு வைத்திருப்பவருக்கு அது பெரிய பலம். பென் டிரைவ், எஸ்எஸ்டி போன்றவற்றில் இருக்கும் ஃபிளாஷ் மெமரியின் சந்தை அப்படியில்லை: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியோக்சியா, சான்டிஸ்க் என்று ஒரே நெரிசல். ஆளாளுக்கு உற்பத்தியைக் கூட்டினால் எல்லாருக்கும் விலை விழும். 2023இல் பெரிய கம்பனிகளின் மெமரி வியாபாரமே நட்டத்தில் ஓடியது.

ஆகவே காலாண்டு அறிக்கையில் விற்பனைத் தொகையைவிட மொத்த லாப வீதத்தையும் (உற்பத்திச் செலவு போக விற்பனையில் மிஞ்சும் வீதம்) விற்காமல் கிடக்கும் சரக்குக் கையிருப்பையும்தான் நான் முதலில் பார்க்கச் சொல்லுவேன். விற்பனை ஏறாமல் கையிருப்பு மட்டும் வீங்கினால், அடுத்த காலாண்டில் விலைக்குறைப்பை எதிர்பாருங்க. இன்னொன்று: 2025 பெப்ரவரியில், ஃபிளாஷ் பகுதியாக இருந்த சான்டிஸ்க், வெஸ்டர்ன் டிஜிட்டலிலிருந்து பிரிந்துவிட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய ஆண்டறிக்கையில் இரண்டும் சேர்ந்த கூட்டுத்தொகையை இப்போதைய கணக்கோடு அப்படியே ஒப்பிட்டால் பிழைக்கும். ஹார்ட் டிஸ்க் பகுதியை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுங்க.