மூணாவது லைன்ல யாரு?

அமெரிக்காவுல ஒரு கன்சர்வேட்டிவ், அதாவது வலதுசாரி, டாக் ரேடியோ ஷோவுக்கு ப்ரொட்யூசரா இருந்தேன்னு சொன்னா உடனே வர்ற கேள்வி, "அப்ப நீங்க ரிபப்ளிகனா?" சத்தியமா சொல்றேன், அந்த ரூம்ல உக்காந்திருக்கறப்ப கட்சியெல்லாம் ஞாபகத்துக்கே வராது. கடிகாரமும் போனும் தான் வேலை.

கடிகாரம்னா, மணி ஆனதும் நெட்வொர்க் நியூஸ், அது முடிஞ்சு நம்ம ஷோ, எந்த நிமிஷத்துல விளம்பரம் எந்த நிமிஷத்துல ட்ராஃபிக்னு எல்லாம் முன்னாடியே எழுதி வச்சிருக்கும், அதுல சிலது ஹார்ட் ப்ரேக், ஹோஸ்ட் வரி பத்தி கொதிச்சுப் போய் பேசிட்டு இருந்தாலும் சரி கம்ப்யூட்டர் பாட்டுக்கு வெட்டிட்டு போயிடும், அதனால கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு விரலை மடக்கி 30 செகண்ட், 10 செகண்ட்னு காட்டணும், ஹெட்ஃபோன்ல "முடிங்க முடிங்க"ன்னு சொல்லணும். கெட்டிக்கார ஹோஸ்ட் கரெக்டா கடைசி செகண்ட்ல ஒரு கேள்வியைப் போட்டு ஆளை இழுத்துப் பிடிச்சுட்டு ப்ரேக்குக்கு போவாரு. எங்காளு பாதி நாள் தான் அப்படிப் போவாரு.

போன் அதை விட பெரிய வேலை. லைட் எரிஞ்சா எடுத்ததும் "முதல்ல ரேடியோவைக் குறைங்க சார்"னு சொல்லணும், ஏன்னா நாங்க பேசறது சில செகண்ட் கழிச்சு தான் வெளியில போகும் (யாராவது கெட்ட வார்த்தை பேசினா டம்ப் பட்டன் அமுக்கி வெட்டறதுக்காக), அந்த லேட்ல தன் குரல் தனக்கே கேட்டா பேசறவரு குழம்பிடுவாரு. அப்புறம் பேரு, ஊரு, என்ன சொல்லப் போறாருன்னு ஒரே வரியில டைப் பண்ணி ஹோஸ்ட் ஸ்க்ரீனுக்கு அனுப்பணும். லைன் 3, லாரி டிரைவர், டீசல் விலை, கோவமா இருக்காரு. அவ்ளோ தான்.

வெளியில இருக்கறவங்க நினைக்கறது ஒத்துப் பேசறவங்களை மட்டும் தான் உள்ள விடுவோம்னு. கிடையவே கிடையாது. "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட்"னு ஒருத்தர் 2 நிமிஷம் பேசினா கேக்கறவன் ஸ்டேஷனை மாத்திடுவான், அதனால எதிர்த்துப் பேசறவங்களுக்கு தான் முதல் சான்ஸ். ஆனா எந்த எதிராளிங்கறது தான் விஷயமே. நிதானமா கணக்கு வழக்கோட பேசற டீச்சரம்மா ஒரு லைன்ல இருக்காங்க, கத்தறதுக்கு ரெடியா ஒரு காலேஜ் பையன் இன்னொரு லைன்ல இருக்கான், ப்ரேக்குக்கு இன்னும் 4 நிமிஷம் தான் இருக்குன்னா பையன் தான் போவான். யாரையும் நடிக்க வைக்கல, யாரும் பொய் சொல்லல, ஆனா கார்ல போயிட்டே கேக்கறவருக்கு "லிபரல்னாலே இப்படித் தான்"னு பதிஞ்சு போயிடும், அதைப் பதிய வச்சது ஹோஸ்ட் இல்ல, நான். வண்டி ஓட்டறது டிரைவர் தான், ஆனா படிக்கட்டுல நிக்கறவனை ஏத்தறதா இறக்கறதான்னு முடிவு பண்றது கண்டக்டர் இல்லையா.

இந்தத் தொழிலே வந்த கதை தனி. சர்ச்சையான விஷயம்னா எதிர்க்கருத்துக்கும் இடம் குடுக்கணும்னு 1949லேர்ந்து ஃபேர்னெஸ் டாக்ட்ரின்னு ஒண்ணு இருந்தது, 1987ல ரேடியோ, டிவியைக் கவனிக்கற அரசு அமைப்பான எஃப்சிசி அதை எடுத்துடுச்சு, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ரஷ் லிம்பாங்கற கன்சர்வேட்டிவ் ஹோஸ்ட் நியூயார்க்லேர்ந்து நாடு முழுக்க போக ஆரம்பிச்சாரு. பாட்டெல்லாம் எஃப்எம்முக்கு போயிட்டதால காத்து வாங்கிட்டு இருந்த ஏஎம் ஸ்டேஷன்களுக்கு உயிர் வந்ததே அதுக்கப்புறம் தான். எங்க ஃபீல்டுல எல்லாருக்கும் ஹீரோ லிம்பான்னு நினைப்பாங்க, என்னைக் கேட்டா ஜேம்ஸ் கோல்டன். லிம்பாவோட கால் ஸ்க்ரீனர், அதாவது என்னை மாதிரி போன் எடுத்து ஆளைப் பாத்து உள்ள விடறவரு, நேயர்களுக்கு போ ஸ்னெர்ட்லிங்கற பேர்ல தான் தெரியும், கறுப்பர், வந்த கேலி எல்லாத்தையும் சிரிச்சே சமாளிச்சவரு, 2021ல லிம்பா சாகறப்பவும் அந்த ஷோல தான் இருந்தாரு. 2001ல லிம்பாவுக்கு காது கிட்டத்தட்ட முழுசா போயிடுச்சு, தெரியுமா? கூப்பிடறவங்க பேசப் பேச ஒருத்தர் டைப் பண்ணுவாங்க, இவரு ஸ்க்ரீனைப் படிச்சு பதில் சொல்லுவாரு, காதுல இம்ப்ளான்ட் வைக்கற வரைக்கும் இப்படியே போன் எடுத்து தினமும் 3 மணி நேர ஷோ ஓட்டினாங்க. அவரோட அரசியலை விடுங்க, ப்ரொட்யூசரா பாத்தா அது மலைக்க வைக்கற வேலை.

அதே லிம்பாவால தான் எங்களுக்கு தலைவலியும் வந்தது. 2012ல சாண்ட்ரா ஃப்ளூக்னு ஒரு சட்ட மாணவியை அசிங்கமா பேசினாரு, மன்னிப்பு கேட்டாரு, ஆனாலும் விளம்பரக் கம்பெனிங்க வரிசையா கிளம்பிடுச்சு. சிலரு அவரு ஷோல மட்டும் இல்ல, இந்த மாதிரி எந்த ஷோலயும் எங்க விளம்பரம் வரக் கூடாதுன்னுட்டாங்க. யாரையும் திட்டாம ஊர்ப் பிரச்சனை பேசிட்டு இருந்த எங்க லோக்கல் ஷோவும் அதுல மாட்டிச்சு. பெரிய கார் கம்பெனி போன இடத்துல காசு வாங்காத பொது அறிவிப்பு, இல்லன்னா தங்கக் காசு, தலகாணி, மூட்டுவலி மருந்து விளம்பரம். ஹோஸ்ட் பேசின பேச்சுக்கு அடி வாங்கறது ஹோஸ்ட் இல்ல, சேல்ஸ்ல இருக்கற கமிஷன் ஆளுங்க தான், அவங்க முகத்தைப் பாத்தாலே அந்த மாசம் எப்படின்னு தெரிஞ்சுடும்.

ஆனா கடைசியில எங்க ஷோவையே நிறுத்தினதுக்கு காரணம் அது மட்டும் இல்ல. 1996 டெலிகாம் சட்டம் வந்து ஒரே கம்பெனி நாடு முழுக்க எத்தனை ஸ்டேஷன் வேணா வாங்கலாம் (ஒரே ஊருக்குள்ள மட்டும் தான் வரம்பு)னு ஆனதுலேர்ந்தே லோக்கல் ஷோவுக்கு செலவு பண்ண யாருக்கும் மனசு வரல, வெளியூர் ஷோ கிட்டத்தட்ட சும்மாவே கிடைக்கும், பதிலுக்கு விளம்பர நேரம் குடுத்தா போதும். எங்களையும் அப்படித் தான் நிறுத்தினாங்க. மீட்டிங் 5 நிமிஷம் கூட இல்ல.

இப்ப அந்த நேரத்துல எங்கேயோ பேசறதை சாட்டிலைட்ல எடுத்து போடறாங்க. பள்ளிக்கூட வரி ஏறுதுன்னு கத்தறதுக்கு அந்த ஊர்ல ஒரு போன் நம்பர் கிடையாது. எங்க ஹோஸ்ட் பாட்காஸ்ட் ஆரம்பிச்சுட்டாரு, நல்லா போகுதாம். கால் எடுக்கறீங்களான்னு கேட்டேன். "எதுக்குப்பா, யாரும் குறுக்க பேசாம இருக்கறதே நிம்மதியா இருக்கு"ன்னாரு.