கிதார் பெடலில் காசை எங்கே போடுவது

கும்பகோணம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கிதார் வாசிக்கும் தம்பிகள் சிலர், நான் சொந்தமாக ஓவர்டிரைவ் பெடல் (கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி) செய்துகொள்வதை அறிந்து விசாரிக்க வரும்போது, முதலில் கேட்பது எந்த ஐசி போட வேண்டும் என்பதைத்தான். பழைய ஜேஆர்சி 4558 ஐசிக்கு அயல்நாடுகளில் இருக்கும் மவுசைப் படித்துவிட்டு, அது கைக்கு வரும்வரை வேலையைத் தொடங்காமல் காத்திருப்பவர்களும் உண்டு. நம் ஊர் ஆம்ப்ளிஃபயர்களின் பேஸ்-டிரெபிள் போர்டுகளில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இதே 4558 வகைதான். பெடலில் எட்டுக் கால் சாக்கெட் ஒன்றை வைத்து, அதில் 4558-ஐயும் இன்னொரு ஐசியான டிஎல்072-ஐயும் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டால், காதுக்குத் தெரியும் வேறுபாடு மிகச் சிறியது. பெடலின் குணத்தைத் தீர்மானிப்பவை, டயோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகங்கள்) நிற்கும் இடமும் அவற்றைச் சுற்றியுள்ள விலை மலிந்த ரெசிஸ்டர், கெபாசிட்டர்களும்தான் என்பது என் கணிப்பு.

சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் கடத்தத் தொடங்குகிறது. எதிரெதிராகத் திருப்பி வைத்த இரண்டு டயோடுகளை, பெருக்கப்பட்ட சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்தால், அந்த அளவுக்கு மேல் எழும் அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் டிஸ்டார்ஷன் பிளஸ் இதே முறைதான், அதில் இருப்பவை ஜெர்மேனியம் டயோடுகள். சிலிக்கான் டயோடுகளை ஆப்-ஆம்பின் (சிக்னலைப் பெருக்கும் ஐசியின்) பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பும் வழியில் வைத்தால், அலை உயரும்போது பெருக்கம் மட்டும் குறைகிறது. மூல சிக்னல் வெட்டுப்படாமல் வெளியீட்டில் கலந்தே நிற்பதால், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மென்மையாகவும் கரகரப்பாகவும் மாறுகிறது. ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் இந்த வகை. டிஸ்டார்ஷன், ஓவர்டிரைவ் என்று கடைகளில் பிரித்துச் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு பக்கம் ஒரு டயோடும் மறுபக்கம் இரண்டுமாக வைத்தால் அலையின் இரு பாதிகளும் சமமாக வெட்டுப்படாமல், இரட்டைப்படை மேற்சுரங்களும் சேர்கின்றன. 1977-இல் வந்த பாஸ் ஓடி-1 பெடலில் இந்த முறைதான். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் நூல் செருகி மேற்சுரங்களை எழுப்பும் தஞ்சாவூர்ச் சீமையில், இதைச் சுருதிக்கு எதிரான இரைச்சல் என்று ஒதுக்குவதற்கு நியாயமில்லை.

கெபாசிட்டருக்கு வருகிறேன். டியூப் ஸ்கிரீமரில் பின்னூட்டப் பாதையில் 51 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 500 கிலோ ஓம் டிரைவ் கன்ட்ரோலும் தொடராக நிற்கின்றன. கிரவுண்டுப் பக்கம் 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும். ஆகவே பெருக்கம் குறைந்த அளவில் ஏறத்தாழ 12 மடங்கு, அதிக அளவில் 118 மடங்கு. ஆனால் அந்த 0.047 காரணமாக, 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதை முழுதாகப் பெருக்கி வெட்டினால், இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது ஒலி சேறாகக் குழம்பிவிடும். மேடையில் பேஸ் கிதாரும் ரிதம் பேடும் கீழ்ப்பகுதியை நிரப்பிக்கொள்ளும்போது, கீழ்ப்பகுதி குறைந்து நடுப்பகுதி உயர்ந்து நிற்கும் இந்த மேடு கிதாரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் கேட்க வைக்கிறது. வீட்டில் தனியாக வாசித்தால் அதே பெடல் மெலிந்து ஒலிக்கும். தனி வாசிப்புக்கென்றால் 0.047-ஐ எடுத்துவிட்டு 0.1 போடுங்கள், எல்லை 340 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். ஐசி மாற்றுவதைவிட இந்த ஒரு மாற்றம் பல மடங்கு தெளிவாகக் கேட்கும். மாற்றிப் பார்க்க வசதியாக, அந்த இடத்தில் சாக்கெட் பின்கள் வைத்துக்கொள்வது நல்லது.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் மோகத்துக்கும் ஒரு சொல். 1962-இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் ஆகிய பெடல்கள் அவற்றால் ஆனவை என்பது உண்மை. நம் பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் டப்பாக்களில் ஏசி128 என்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இன்னும் கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஜெர்மேனியத்தில் கசிவு மின்னோட்டம் வெப்பத்தோடு வேகமாக ஏறும். ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மார்கழி இரவில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் வருமாறு திருத்திவைத்த பெடல், கத்திரி வெயிலில் பந்தலுக்கு அடியில் அந்த நிலையில் நிற்காது. அதுவுமன்றி ஏசி128 பிஎன்பி வகை என்பதால், வழக்கமான சர்க்யூட்டில் பாசிட்டிவ்தான் கிரவுண்டு. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சேர்க்க முடியாது. ஆசைக்கு ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம், பிழைப்புக்கு உதவாது.

காசைப் போட வேண்டியது பெட்டியிலும் சுவிட்சிலும் ஜாக்கிலும். திருவிழா மேடையில் சீரியல் செட் விளக்குகள், டியூப்லைட் சோக்குகள், டீசல் ஜெனரேட்டர் எல்லாம் ஒன்றாக ஓடும்போது, கிதார் பிக்கப் அவற்றின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் அதன் மடங்குகளையும் வாங்கிக்கொள்கிறது. பெடல் அதையும் சேர்த்தே பெருக்குகிறது. பிளாஸ்டிக் டப்பாவில் சர்க்யூட்டை அடைத்தால் வயர்களும் ஆண்டெனா ஆகிவிடும். அலுமினிய வார்ப்புப் பெட்டி வாங்கி, அதைக் கிரவுண்டோடு இணைப்பது அவசியம். ஒன்பது கால் கொண்ட மிதி சுவிட்சைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ இணையத்திலோ நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் கால்களில் சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகித் தொடர்பு கெடும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பற்றவைத்தபின் போர்டில் மிஞ்சும் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) ஈரத்தை இழுத்து மெல்லிய கசிவுப் பாதையாகிறது. உள்ளீட்டில் ஒரு மெகா ஓம் வரை உள்ள சர்க்யூட்டில் அது பொரிபொரிச் சத்தமாகக் கேட்கும். அதைத் துடைத்தெடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் போதும்.

அடாப்டர் வாங்கும்போது முனையைப் பார்த்து வாங்குங்கள். கிதார் பெடல்களில் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ்; கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் பலவற்றில் நடுமுனை பாசிட்டிவ். பவர் வரும் வழியில் ஒரு 1என்5817 டயோடைத் தொடராக வைத்தால், தலைகீழாகச் செருகினாலும் ஐசி பிழைக்கும். ஜெனரேட்டர் மேடை என்று தெரிந்தால் நான் அடாப்டரையே எடுத்துச் செல்வதில்லை. சில மில்லி ஆம்பியரே இழுக்கும் இந்தச் சர்க்யூட்டுக்கு, ஒரு 9 வோல்ட் பேட்டரி விடிய விடியக் கச்சேரி நடந்தாலும் தாங்கும்.