வலி மாத்திரையும் அப்பாவின் கிட்னியும்: நாங்கள் தாண்டி வந்த கதை

வீட்டில் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்து, அவருக்கு முட்டி வலியோ இடுப்பு வலியோ கூடவே இருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒருத்தர் வருஷக்கணக்கில் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருக்க, இன்னொருத்தரை அதே மாத்திரை சில நாளில் படுக்க வைத்துவிடுகிறதே, அது ஏன் என்று யாரும் சொல்வதில்லை. அது புரிந்தால்தான் எப்போது பயப்பட வேண்டும் என்பது தெரியும்.

அப்பாவுக்குக் காசிமேட்டில் வலை சரிசெய்யும் வேலை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள், படகெல்லாம் கரையில் நிற்கும், வலை வேலை அப்போதுதான் குவியும். கத்திரி வெயிலும் அதே சமயத்தில்தான். நாள் முழுக்கத் தரையில் கால் மடக்கி உட்கார்ந்து முட்டி வலி அதிகமாகி, மெடிக்கலில் கவரில் போட்டுத் தருவார்களே செட் மாத்திரை, அதை வாங்கிப் போட ஆரம்பித்தார். உள்ளே இருந்தது டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. பிபிக்கு ஏற்கெனவே டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த மாத்திரை போய்க்கொண்டிருந்தது. வலி மாத்திரை தொடங்கிய பிறகு பிபி கொஞ்சம் ஏறியே இருந்ததை வெயில் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் வயிற்றுப்போக்கு வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல், சிறுநீர் ரொம்பக் குறைவு, எழுந்து நிற்கவே தள்ளாடினார்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 3.6, பொட்டாசியம் 5.9, இரண்டுமே அதிகம். போன வருஷம் எடுத்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.0 இருந்தது. அதை நான் பத்திரமாக வைத்திருந்தது பெரிய உதவி, பழைய வியாதியா புதிதாக வந்ததா என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் முதலில் யோசித்தார். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சரியான அளவில் இருந்தது, சிறுநீரில் புரதம் இல்லை.

"வலிக்கு ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களாய்யா?" என்று அந்தப் பெண் டாக்டர் கேட்டார்.

"முட்டிக்கு செட் மாத்திர போட்டேன் டாக்டர், நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்து, "பிபி மாத்திரை, வலி மாத்திரை, உடம்புல தண்ணி இல்ல. மூணும் சேர்ந்துடுச்சும்மா" என்றார். நான் பயோகெமிஸ்ட்ரி படித்தவள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வார்டில் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கிட்னியும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீத அளவுதான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அங்கே போகிறது, நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு சின்னக் குழாய், வெளியே போக ஒரு சின்னக் குழாய். உள்ளே வரும் குழாய் விரிந்து, வெளியே போகும் குழாய் லேசாகச் சுருங்கி இருந்தால்தான் நடுவில் வடிகட்டப் போதுமான அழுத்தம் இருக்கும்.

உடம்பில் தண்ணீர் குறைந்தால், மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையக்கூடாது என்று ஆஞ்சியோடென்சின், நார்அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் கூடி ரத்தக்குழாய்களை இறுக்கும். அந்த இறுக்கத்தில் கிட்னி பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வது அங்கேயே தயாராகும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள். அவற்றில் ஒன்றான புரோஸ்டாகிளாண்டின் ஈ2-வுக்கு ஈபி1 முதல் ஈபி4 வரை நான்கு ரிசெப்டர்கள், அதாவது செல்லில் அது போய் ஒட்டும் இடங்கள். ஈபி2, ஈபி4 இரண்டும் தசைச் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தகவல் மூலக்கூறைக் கூட்டும், தசை தளரும், குழாய் விரியும். உள்ளே வரும் குழாயில் முக்கிய வேலை ஈபி4-க்கு. அதே குடும்பத்துப் புரோஸ்டாசைக்ளினுக்கு உள்ள ஐபி ரிசெப்டரும் இதே பக்கம்தான். ஈபி1, ஈபி3 எதிர்ப்பக்கம், அவை சுருக்கத்துக்குத் துணை போகும். ஒரே மூலக்கூறு எந்த ரிசெப்டரில் போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்து விரிவோ சுருக்கமோ நடக்கிறது, இதைப் படித்தபோது எனக்கு அப்படி ஓர் ஆச்சரியம்.

வலி மாத்திரை இந்த ரிசெப்டர்களைத் தொடுவதே இல்லை. ஆஸ்பிரின் மாதிரி மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பையே நிறுத்துகின்றன என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார், 1982-ல் நோபல் பரிசும் கிடைத்தது. முட்டியில் அந்தத் தயாரிப்பு நின்றால் வலி குறையும், கிட்னியில் நின்றால் ஈபி4 தகவல் வராமல் காத்துக் கிடக்கும். நன்றாகத் தண்ணீர் குடித்து ஆரோக்கியமாக இருக்கிறவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அவருடைய கிட்னி அந்த நேரத்தில் புரோஸ்டாகிளாண்டினை நம்பி இல்லை. அப்பாவுடையது முழுக்க அதை நம்பித்தான் இருந்தது. வெயில், வயிற்றுப்போக்கு, போதாததற்குச் சிறுநீரைப் பெருக்கும் தயாசைடு, எல்லாம் சேர்ந்து தண்ணீரைக் குறைத்தன. டைக்ளோஃபினாக் உள்ளே வரும் குழாயைச் சுருங்க விட்டது. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் டெல்மிசார்டன் வெளியே போகும் குழாயைத் தளர்த்தியது. நடுவில் அழுத்தம் எங்கிருந்து வரும்?

ரிப்போர்ட்டில் இருந்த மற்றதும் அப்புறம் புரிந்தது. புரோஸ்டாகிளாண்டின் கிட்னியின் நுண்குழல்களில் உப்பை வெளியே விடவும் உதவுகிறது, அது இல்லாததால் உப்பு தங்கி முதலில் பிபி ஏறியிருக்கும். கிட்னியில் ரெனின் என்ற என்சைம் சுரக்க ஈபி4-உம் ஐபி-யும் தூண்ட வேண்டும், ரெனின் குறைந்தால் பொட்டாசியத்தை வெளியே தள்ள வைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் குறையும், பொட்டாசியம் வெளியே போகாது. ஏற்கெனவே வடிகட்டல் குறைந்திருக்கும்போது இதுவும் சேர்ந்தால் 5.9 வராமல் என்ன செய்யும்.

சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை. வலி மாத்திரையை நிறுத்தினார்கள், பிபி மாத்திரையைத் தற்காலிகமாக மாற்றி அம்லோடிபின் என்ற வேறு பிபி மாத்திரை கொடுத்தார்கள், அளவு பார்த்து சலைன் ஏற்றினார்கள், சிறுநீரை அளந்து எழுதச் சொன்னார்கள். டயாலிசிஸ் வேண்டியிருக்குமோ என்ற பேச்சு வந்தபோது அம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் சிறுநீர் மெல்லப் பெருகியது. கிரியேட்டினின் 2.4, அப்புறம் 1.7, வீட்டுக்கு வந்து எடுத்ததில் 1.2. அப்பாவுக்கு அந்தச் சின்னக் குழாய்கள் சேதமாகவில்லை, சுருங்கி மட்டுமே இருந்தன, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் திரும்பியது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ரத்தம் இல்லாமல் நுண்குழல் செல்களே செத்துப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் மாதிரி வயிற்றுக்கு இதமான வலி மாத்திரைகள் பரவாயில்லையா என்று கேட்டேன். அவை தடுப்பது புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் காக்ஸ்-2 என்சைமை, கிட்னியில் அந்த என்சைம் எப்போதுமே வேலை செய்துகொண்டிருக்கிறது, அதனால் அவையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் என்றார். இப்போது அப்பாவுக்கு வலி வந்தால் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால், முட்டிக்குப் பயிற்சி, வலை வேலைக்குத் தரையில் உட்காராமல் ஒரு ஸ்டூல். பிபி மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது, ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டும், சில மாத்திரைகளை அந்த நாட்களில் மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். செட் மாத்திரை வாங்கும் யாரையாவது பார்த்தால் கவரில் என்னென்ன இருக்கிறது என்று அட்டையோடு கேட்டு வாங்கச் சொல்லுங்கள், பிபி மாத்திரைச் சீட்டையும் கூடவே காட்டச் சொல்லுங்கள்.